வெயில் வர்ற வரைக்கும் தார்ப்பாயத் தொடாதீங்க

ஐயய்யோ தம்பி, கைய எடுங்க! கைய எடுங்க சொல்றேன். மடக்காதீங்க. நீங்க தார்ப்பாயின்னு நெனச்சு மடக்குறீங்க. இந்த நேரத்துல அது தார்ப்பாய் இல்லீங்க, பொரிச்ச அப்பளம். மடக்குற எடத்துல படக்குன்னு ஒடிஞ்சுரும். அப்புறம் உக்காந்து அழுதாலும் ஒட்டாது.

நல்லவேளை, பால் பொங்குதான்னு பாக்க எந்திரிச்சவ ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். இல்லன்னா இன்னைக்கு நாம ரெண்டு பேரும் சண்டக்காரங்களா ஆகியிருப்போம்.

பொள்ளாச்சியிலருந்து வண்டி பாக்க வர்றேன்னு போன் பண்ணுனது நீங்கதானே? பத்து மணிக்குன்னீங்க, ஏழரைக்கே வந்து நிக்கிறீங்க. ஓ, நேத்தே ஊட்டிக்கு வந்து ரூம் போட்டுட்டீங்களா. பாவம், குளிருல தூக்கமே வந்திருக்காது. மூக்கப் பாருங்க, தக்காளி மாதிரி செவந்து கெடக்கு. வாங்க, இந்தக் கரிச்சட்டி பக்கத்துல உக்காருங்க. இந்தாங்க டீ. சர்க்கர தூக்கலா போட்டிருக்கேன், குளிருக்கு அதான் நல்லது.

எட்டேகாலுக்கு அந்தா தெரியுது பாருங்க யூகலிப்டஸ் மரம், அதுக்கு மேல வெயில் ஏறிரும். ஏறுனதும் மொதல்ல விழுறது இந்த ஜீப்பு முதுகுலதான். அதுக்கப்புறம் ஒரு கால் மணி நேரம் பொறுத்தா தார்ப்பாய் தானா இளகிரும். அப்ப நீங்க மடக்கிப் பாருங்க, விரிச்சுப் பாருங்க, என்ன வேணாலும் பண்ணிக்குங்க. அது வரைக்கும் தொடக் கூடாது. எங்க வீட்டுக்காரரையே நான் தொட விடுறதில்ல.

அவரு இல்லீங்க. கீழ முக்குல டீக்கடைக்குப் போயிருக்காரு. இன்னாசின்னு கேட்டா தலைக்குந்தாவுல எல்லாருக்கும் தெரியும். நீங்க வர்றீங்கன்னு நேத்து சொன்னதுலருந்து ஒரு மாதிரியாத்தான் இருந்தாரு. காலையில எந்திரிச்சு, "நீயே காட்டிரு ரோஸ்லின், உனக்குத்தான் எல்லாம் தெரியும்"னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு. வீட்டுலயே டீ இருக்கு, எதுக்குத்தான் டீக்கடையோ. குளிருக்குக் கால நீட்டி நடந்தா நல்லதுன்னு போயிருப்பாரு, வேற என்ன.

சரி, நீங்க வண்டி வாங்க வந்தவரு. உங்ககிட்ட மறச்சுப் பேசக் கூடாது. நான் பட்டதெல்லாம் சொல்லிர்றேன். கேட்டுட்டு அப்புறமா முடிவு பண்ணுங்க.

இந்த வண்டிய விக்கச் சொன்னதே நான்தான். அவரு இல்ல. அவரு விட்டா இதுக்கு ரேஷன் கார்டுல பேரு சேத்திருவாரு. நான்தான், போதும்டா சாமி, ஒண்ணு இந்த வண்டி இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்னு சொன்னேன். ஏன்னா, தார்ப்பாய் போட்ட ஜீப்ப இந்த ஊருல மார்கழி தை ரெண்டு மாசம் வெச்சிருக்கிறது இருக்கே, அது பச்சப்புள்ளைய வெச்சிருக்கிற மாதிரி. பச்சப்புள்ளையாவது ரெண்டு வருஷத்துல வளந்துரும்.

என்ன கேட்டீங்க? ஷெட்டு போடலாமேன்னா? எல்லாரும் மொதல்ல இதத்தான் கேப்பாங்க. இந்த வாசல் மூணு வீட்டுக்குப் பொது வழி. அந்தக் கடைசி வீட்டம்மா கேரட் மூட்ட கொண்டு போகணும், நடு வீட்டுக்காரருக்குப் பைக்கு. நாலு கம்பு நட்டா அன்னைக்கே பஞ்சாயத்து. அதனால வண்டி வானத்தப் பாத்து நிக்குது, பனி வண்டியப் பாத்து விழுது.

உங்க ஊருல பனின்னா புல்லு நனையும், அவ்வளவுதானே? அத நாங்க நீர்ப்பனின்னு சொல்லுவோம். அது ஐப்பசி கார்த்திகையில வரும், நனச்சுட்டுப் போயிரும், அதோட எங்களுக்குச் சண்ட இல்ல. அதுக்கப்புறம் வர்றதுதான் உறைபனி. சாயங்காலம் வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லாம, காத்தும் இல்லாம, அப்படியே அமைதியா இருந்துச்சுன்னு வெச்சுக்குங்க, நான் சொல்லிருவேன், நாளைக்கு இருக்குன்னு. விடியும்போது பாத்தா புல்லு, கூரை, துணி காயப்போடுற கயிறு எல்லாம் உப்பக் கொட்டுன மாதிரி வெள்ள. ரேடியோவுல சொல்றவங்ககூடத் தப்பாச் சொல்லுவாங்க, நான் தப்புனதில்ல. நேத்துகூட அவருகிட்ட சொன்னேன், நாளைக்கு வண்டி வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டுத்தான் நிக்கும்னு. நின்னுச்சா இல்லையா?

வண்டி வாங்கின மொத வருஷம் எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அப்ப அவரு கல்லக்கொரை பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு டீச்சரையும், துணைச் சுகாதார நிலையத்து நர்சு ஒருத்தரையும் கொண்டு போயி விடுற ட்ரிப்பு பிடிச்சிருந்தாரு. அந்தப் பாதையில பஸ் போகாது. காலையில ஏழரைக்கு முக்குல நிக்கணும். மொத நாள் உறைபனி. போயிப் பாக்குறாரு, தார்ப்பாய் மேல வெரல் கனத்துக்கு ஐஸு. கண்ணாடி தெரியல. பின்னாடி பிளாஸ்டிக் ஜன்னல் தெரியல. கதவுப் படுதாவோட ஜிப்பு தெறக்கல. மனுஷன் என்ன பண்ணுனாரு தெரியுமா? குளிக்க வெச்சிருந்த வெந்நிய, கொதிக்கக் கொதிக்க, ஒரு குண்டாவோட தூக்கி ஊத்திட்டாரு.

பிளாஸ்டிக் ஜன்னல் டப்புனு ஒரு சத்தம். குறுக்கால ஒரு கோடு. அதோட விட்டுச்சா? வழிஞ்ச தண்ணி கீழ போயி, இரும்புக் கம்பிக்கும் தார்ப்பாய்க்கும் நடுவுல நின்னு, அஞ்சு நிமிஷத்துல திரும்ப ஒறஞ்சுபோச்சு. மேல இருந்த ஐஸு போயி உள்ள ஐஸு. அன்னைக்கு டீச்சருங்க ரெண்டு பேரும் நர்சம்மாவும் முக்குல நின்னு பாத்துட்டு, காய் லாரியில ஏறிப் போனாங்க. பட்டுச்சேல கட்டிக்கிட்டு முட்டைக்கோசு மேல உக்காந்து போனாங்க தம்பி. அந்த டீச்சரம்மா இன்னைக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

அப்புறம் ஒருத்தரு சொன்னாருன்னு முன் கண்ணாடியில பழைய நியூஸ் பேப்பர விரிச்சு வெச்சாரு. பேப்பரும் கண்ணாடியும் ஒண்ணா ஒறஞ்சு, உரிச்சா பாதி வந்துச்சு, பாதி வரல. ராசிபலன் பக்கம் அப்படியே ஒட்டிக்கிச்சு. ஒரு வாரம் நர்சம்மா முன் சீட்டுல உக்காந்து தலைகீழா மீன ராசி படிச்சுட்டுப் போனாங்க. கோணிச் சாக்கு போட்டுப் பாத்தோம். அது பனியக் குடிச்சுட்டுப் பலகையாட்டம் ஆயிருச்சு, தூக்கி நிறுத்தி வெச்சா நிக்குது. பிளாஸ்டிக் ஷீட்டு போட்டோம், அது தார்ப்பாயோட ஒட்டிக்கிட்டு, பிரிக்கையில தார்ப்பாய் மேல இருந்த மெழுகுப் பூச்சயும் சேத்துப் பிரிச்சிருச்சு.

இப்படித்தான் ரெண்டு வருஷம் போச்சு. அதுக்கப்புறம் அவரு வெரலுக்கு ஒரு கேடு வந்துச்சு. குளிர் பட்டா வெரல் நுனியெல்லாம் வெளுத்துரும், அப்புறம் நீலமாயிரும், ஊசி குத்துற மாதிரி வலி. டாக்டரம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க, ஐஸ் தண்ணியில கை வெக்கவே கூடாதுன்னு. வண்டி ஓட்டலாம், கையில உறை போட்டுக்கிட்டு. பனியத் தொடக் கூடாது. அப்ப யாரு தொடுறது? சொல்லுங்க. பொண்ணு ஓசூருல கல்யாணமாகிப் போயிட்டா. வீட்டுல இருக்கிறது நானும் அவரும்தான்.

நான்தான். ரெண்டு வருஷமா, போன மார்கழி அதுக்கு முந்தின மார்கழி, ஒரு நாள் விடாம நான்தான்.

காலையில ஆறு மணிக்கு நான் இங்க, வண்டிகிட்ட. அவரு உள்ள, அந்த ஜன்னல்கிட்ட. கம்பளியப் போத்திக்கிட்டு, கையில டீ கிளாஸோட. அங்க இருந்துக்கிட்டு எனக்கு டைரக்‌ஷன். "ரோஸ்லின், எடது பக்கம் விட்டுட்ட." "ரோஸ்லின், அங்க ஒரு திட்டு இருக்கு பாரு." "மெதுவா, மெதுவா." எனக்குக் கோவம் வராதா? நான் திருப்பிக் கத்துவேன். "வந்து நீங்களே தொடைங்களேன்"னு. "டாக்டரம்மா வேண்டாம்னு சொல்லிருக்காங்கல்ல"ன்னு அவரு சிரிப்பாரு. அப்படியே பேச்சு எங்கயோ போகும். பொண்ணு என்ன சொன்னா, நடு வீட்டுக்காரரு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காரு, மதியத்துக்கு என்ன கொழம்பு, எல்லாம் அந்த ஜன்னல் வழியாத்தான். வண்டி கிளம்பிப் போச்சுன்னா அப்புறம் சாயங்காலம் வந்து டிவி முன்னாடி உக்காந்தாருன்னா வாயத் தெறக்க மாட்டாரு. காலையிலயே எல்லாத்தையும் பேசித் தீத்துட்டாரில்ல. எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப் போகும் தம்பி. கை மரத்துப் போகும். ரெண்டு வருஷமா இந்தக் கொடுமை.

ஆனா ஒண்ணு சொல்றேன், நான் கத்துக்கிட்டேன். பனிய எப்படிக் கையாளணும்னு இந்த ஊருல என்னைவிடத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. அவரும் சொல்லுவாரு அத. நீங்களும் தெரிஞ்சுக்குங்க, நாளைக்கு உங்களுக்கு உதவும்.

சுரண்டவே கூடாது. கத்தி, ஸ்கேலு, தேங்கா ஓடு, எதுவும் கூடாது. வண்டிக்குள்ள ஏறி உக்காந்துக்கணும். உள்ள இருந்து தார்ப்பாய அடியில, உள்ளங்கையால, லேசா தட்டணும். புள்ளையத் தூங்க வெக்கிற மாதிரி தட்டணும், அடிக்கக் கூடாது. தட்டினா மேல இருக்கிற ஐஸு தகடு தகடா விட்டுக்கும். அப்புறம் வெளிய வந்து பூந்தொடப்பத்தால மேல இருந்து கீழ, ஒரே பக்கமாத் தள்ளணும். குறுக்க இழுக்கக் கூடாது. பிளாஸ்டிக் ஜன்னலுக்குத் தொடப்பமும் ஆகாது. உள்பக்கம் ரெண்டு உள்ளங்கையையும் பதிச்சு வெச்சுக்கிட்டு அம்பது எண்ணணும். அந்தச் சூட்டுக்கு அது தானா வழுக்கிட்டு எறங்கும். அப்புறம் பழைய வேட்டித் துணியில ஒத்தி எடுக்கணும். தேய்க்கக் கூடாது, ஒத்தணும்.

ஜிப்பு ஒறஞ்சு போகாம இருக்க ஒரு வேல வெச்சிருக்கேன். எங்க கோயில்ல மெழுகுவத்தி எரிஞ்சு மிச்சமிருக்குமில்ல, அந்தத் துண்டுங்க. சாமியாருகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன், திருடல. எதுக்கும்மா இத்தனைன்னாரு, ஜீப்புக்கு ஃபாதர்னேன். அவரு என்ன நெனச்சுக்கிட்டாரோ, தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போனாரு. அந்த மெழுக ஜிப்புல மேலயும் கீழயும் தேச்சு விட்டா எந்தப் பனியிலயும் சர்ருனு தெறக்கும். தெறந்து பாருங்க. பரவாயில்ல, ஜிப்ப மட்டும் தொடலாம். பாத்தீங்களா?

இது பனி விழுந்ததுக்கப்புறம் பண்றது. விழாமலே இருக்க ஒரு வழி இருக்கு. பொட்டானிக்கல் கார்டனுக்குப் போயிருக்கீங்களா? பனிக்காலத்துல அங்க செடி மேலயெல்லாம் எலையும் கெளையுமா ஒண்ணப் போத்தி வெச்சிருப்பாங்க. மிலார்னு சொல்லுவாங்க, கோத்தகிரிப் பக்கம் நெறைய வளரும். அதப் போத்துனா பனி எலையில நின்னுக்கும், கீழ எறங்காது. அங்க வேல பாக்குற எங்க அண்ணன் சொன்னாரு. செடிக்கு ஆகும்னா ஜீப்புக்கு ஆகாதான்னு நான் ஒரு கட்டு கொண்டு வந்து போத்துனேன். ஆகுதுங்க! மறுநாள் மேல எல எல்லாம் வெள்ள, கீழ தார்ப்பாய் வெறும் ஈரம். என்ன, வாரத்துக்கு ஒருக்கா புதுசு வெட்டணும். ஒரு நாள் அவரு அவசரத்துல அப்படியே ஓட்டிட்டுப் போயிட்டாரு. முக்குல நின்ன டீச்சருங்க, புதரு ஒண்ணு ஹாரன் அடிச்சுக்கிட்டு வருதுன்னு ஓடிப் போயி ஒதுங்கிட்டாங்க.

நேத்து ஏன் போத்தலைன்னு கேக்குறீங்களா? விக்கப் போற வண்டிதானேன்னு விட்டுட்டேன். விட்டுட்டுப் படுத்தா தூக்கம் வரல, அது வேற விஷயம்.

சரி, மிலார் போத்திக்கிட்டு ஒழுங்கா இருந்தோமா? இருக்க விட்டாரா அவரு? போன தை மாசம் எங்க அக்கா பையன் கனடாவிலருந்து போன் பண்ணுனான். அங்க ரோட்டுல ஐஸுக்கு உப்புதான் போடுவாங்க சித்தப்பான்னு அவன் ஒரு வார்த்த சொல்லிட்டான். அவ்வளவுதான், இவருக்குப் பிடிச்சிருச்சு. "ரோஸ்லின், கனடாக்காரன் என்ன முட்டாளா? நாம மிலார் வெட்டிக்கிட்டுக் கெடக்கோம்." கல்லுப்பு ரெண்டு பாக்கெட்ட ஒரு பக்கெட்டுத் தண்ணியில கரச்சாரு. கேரட் தோட்டத்துல மருந்தடிக்கிற பம்ப எரவல் வாங்கிட்டு வந்தாரு. யோசன அவருது, பம்பு என் முதுகுல. சாயங்காலம் வண்டி முழுக்க நான் அடிச்சேன். அவரு ஜன்னல்ல நின்னு, "அந்த மூலையில இன்னும் ஒரு தடவ"ன்னு சொன்னாரு.

விடிஞ்சு எந்திரிச்சோம். வெளிய சர்ரக் சர்ரக்னு ஒரு சத்தம். மரம் அறுக்குற மாதிரி. அவரு ஜன்னல்ல போயி பாத்தாரு. கைய மட்டும் பின்னாடி நீட்டி என்னக் கூப்பிட்டாரு. நான் போயிப் பாத்தா, தம்பி, காட்டெருமை! இந்த ஜீப்பு ஒசரம். கறுப்பா மலையாட்டம் நின்னுக்கிட்டு, வண்டி முதுக நக்குது. அந்த நாக்கு இருக்கே, அரம். ஒரு இழுப்புக்கு ஒரு சாண். கண்ண மூடிக்கிட்டு அப்படி ஒரு ருசியா நக்குது.

இவரு ஒரு தட்ட எடுத்துத் தட்டுனாரு. அது தலையத் தூக்கி எங்க ரெண்டு பேரையும் ஒரு பார்வை பாத்துச்சு. யாரு வீட்டுக்கு யாரு வந்திருக்கீங்கன்னு கேக்குற பார்வை. திரும்ப நக்க ஆரம்பிச்சுருச்சு. கதவத் தெறக்க முடியல. மூணு வீடும் உள்ளயே அடஞ்சு கெடக்கோம். ஏழரை ஆச்சு. டீச்சரம்மா போன் பண்றாங்க, "அண்ணே, எங்க இருக்கீங்க?"ன்னு. இவரு சொல்றாரு, "வீட்டுலதான் இருக்கேன் டீச்சர், வண்டிய ஒருத்தரு நக்கிட்டு இருக்காரு, முடிஞ்சதும் வந்துர்றேன்."

எனக்குச் சிரிப்புத் தாங்கல. அவருக்கும் தாங்கல. சத்தமாச் சிரிச்சா அது கோவிச்சுக்குமோன்னு வாயப் பொத்திக்கிட்டு, அந்த ஜன்னலுக்குக் கீழ தரையில ரெண்டு பேரும் உக்காந்து சிரிக்கிறோம். கண்ணுல தண்ணி வந்துருச்சு. பொண்ணு கல்யாணமாகிப் போனதுக்கப்புறம் இந்த வீட்டுல அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சதில்ல தம்பி. ஒரு மணி நேரம் நக்கிட்டு, பின்னாடி படுதாவுல ஒரு முழம் கிழிச்சுட்டு, அது பாட்டுக்குத் தேயிலத் தோட்டத்துக்குள்ள எறங்கிப் போயிருச்சு. வண்டியில ஒரு துளி ஐஸு இல்ல, ஒரு துளி உப்பு இல்ல. கனடாக்காரன் சொன்னது சரிதான்னு இவரு ஒரே சாதிப்பு.

அது மறுநாளும் வந்துச்சு. கூட ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு. அப்புறம் நான் அத்தன தார்ப்பாயையும் அவுத்து, தைக் குளிருல, பச்சத் தண்ணியில, உப்பு போக அலசுனேன். பின்னாடி கிழிஞ்சத நானே மெஷின்ல தச்சேன். பாருங்க, தையல் தெரியுதா? தெரியாது. மூணு ஊசி ஒடஞ்சுச்சு. அன்னைக்கு ராத்திரி கை வலியில அழுகையே வந்துருச்சு. அந்தக் கோவத்துலதான் சொன்னேன், அடுத்த மார்கழிக்குள்ள இந்த வண்டிய வித்துருங்கன்னு. அவரு என் கையப் பாத்தாரு. தேங்கா எண்ணெயச் சுட வெச்சு எடுத்துட்டு வந்து, தேச்சு விட்டுக்கிட்டே, சரி வித்துரலாம் ரோஸ்லின்னாரு. சண்ட போடுவாருன்னு நெனச்சேன். விக்கிறோம்னு அவரேதான் நாலு பேருகிட்ட சொல்லி வெச்சிருக்காரு. இனிமே ஒரு ஓட்டல் வேன ஓட்டப் போறாராம். இரும்புக் கூரை, கண்ணாடி ஏத்தினா உள்ள ஹீட்டரு. காலையில தொடைக்க வேண்டியதே இல்ல. வேனு ஓட்டல்லயே நிக்கும், இவரு இங்கிருந்து விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு பஸ்ஸுல போயிருவாரு. எனக்கு நிம்மதி. எட்டு மணி வரைக்கும் தூங்கலாம்.

அந்தா, வெயில் வந்துருச்சு பாருங்க! சொன்னேனா, எட்டேகால். எந்திரிங்க. பூந்தொடப்பம் அந்த மூலையில இருக்கு, எடுத்துட்டு வாங்க. நான் உள்ள ஏறிக்கிறேன்.

சத்தம் கேக்குதா? இப்படித்தான் தட்டணும். விழுது பாருங்க, தகடு தகடா. இப்ப நீங்க மேல இருந்து கீழ தள்ளுங்க. குறுக்க இல்ல தம்பி, குறுக்க இல்ல! மேல இருந்து கீழ. ஆங். அங்க ஒரு திட்டு விட்டுட்டீங்க. எடது பக்கம். மெதுவா, மெதுவா.

என்ன சிரிக்கிறீங்க? அவரு மாதிரி பேசுறேனா? சும்மா இருங்க.

இப்ப தொட்டுப் பாருங்க தார்ப்பாய. எவ்வளவு மெத்துன்னு இருக்கு, வெல்வெட்டு மாதிரி. அஞ்சு வருஷத் தார்ப்பாயின்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? மடக்கலாம், ஆனா ஈரத்தோட மடக்குனா பூஞ்சணம் பிடிச்சிரும். இன்னும் கொஞ்சம் காயட்டும். உங்க ஊருக்குப் போனதும் மொத வேலையா மிலார் எங்க கெடைக்கும்னு...

அட, உங்க ஊருல ஏது பனி? பாருங்க என்ன, ஒரு மணி நேரமா உங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருக்கேன். நீங்களும் தலையாட்டிக்கிட்டே கேட்டுட்டு இருக்கீங்க, பனியே இல்லாத ஊருக்காரரு.

சரி, அப்ப வண்டிக்குக் கஷ்டம் இல்ல. வெயில்லதான் நிக்கும். நல்லா இருக்கட்டும்.

என்னது? எதுக்குத் தார்ப்பாய எடுக்கணும்?

தகரமா?

வெயிலுக்குத் தார்ப்பாய் நிக்காது, அதனால இதக் கழட்டிப் போட்டுட்டு தகரத்த வெல்டிங் வெச்சிருவீங்க. ம். நியாயம்தான். உங்க ஊருக்கு அதுதான் சரி. நானே இவருகிட்ட நூறு தடவ சொல்லிருக்கேன், தகரம் போடுங்கன்னு.

கழட்டுன தார்ப்பாய என்ன பண்ணுவீங்க?

தேங்கா மட்டைய மூடி வெக்கவா.

இருங்க. ஒரு நிமிஷம். இந்தக் கிளாஸக் குடுங்க, கழுவி வெச்சுட்டு வர்றேன்.

தம்பி, ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே? வண்டி விக்கல.

இல்லீங்க, வேற யாருக்கும் குடுக்கல. உங்க மேலயும் ஒரு குத்தமும் இல்ல. நீங்க நல்ல புள்ள, சொன்னதும் தொடப்பத்த எடுத்தீங்க. எனக்கு ஒண்ணும் இந்த வண்டி மேல ஆசயும் இல்ல, அத மொதல்ல தெரிஞ்சுக்குங்க. எனக்கு இது சனியன்தான். இப்ப இந்தத் தொடப்பத்தக் கீழ வெக்கும்போதுதான் தோணுச்சு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு இந்த வாசல்ல வண்டி இல்ல, அவரு பஸ்ஸுல போயாச்சு, நான் எட்டு மணி வரைக்கும் தூங்கலாம். எந்திரிச்சு யாருகிட்ட சண்ட போடுறது? அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லன்னா நான் யாரப் பாத்துக் கத்துறது? சொல்லுங்க.

எனக்குத் தெரியும், உங்களுக்கு அலைச்சல். தோச ஊத்தித் தர்றேன், சாப்பிட்டுட்டுத்தான் போகணும். போகும்போது எனக்கு ஒரு உதவி பண்ணணும்.

கீழ முக்குல டீக்கடையில அவரு உக்காந்திருப்பாரு. குரங்குக் குல்லா போட்டுக்கிட்டு, ரோட்டப் பாத்த மாதிரி. அவருகிட்ட போயி, வண்டி எனக்குப் பிடிக்கலைன்னு சொல்லிருங்க. நான் விக்க மாட்டேன்னு சொன்னதா மட்டும் சொல்லிராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரு வருஷமா வித்துருங்க வித்துருங்கன்னு குதிச்சவ நான். இப்ப நானே வேண்டாம்னேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு. ஏதாவது ஒரு கொறை சொல்லுங்க. தார்ப்பாய் சரியில்லைன்னு சொல்லிராதீங்க, அது என் வேலைன்னு அவருக்குத் தெரியும். என்ஜின் சரியில்லைன்னு சொல்லுங்க. அது அவரு டிபார்ட்மென்டு.

சொல்லிட்டு உடனே கிளம்பிராதீங்க. டீ குடிக்கிற மாதிரி ஒரு ரெண்டு நிமிஷம் நின்னு, அவரு மூஞ்சிய நல்லாப் பாத்துக்குங்க. சோகமா வெச்சுக்கத்தான் பாப்பாரு, முடியாது அவரால. அப்புறம் எனக்கு ஒரு போன் அடிங்க, எப்படி இருந்தாருன்னு. அவரு மேல ஏறி வர்றதுக்குள்ள நான் என் மூஞ்சியக் கோவமா மாத்தி வெச்சுக்கணுமில்ல.